கிழட்டுப் பவர் சப்ளை: மாட்டலாமா, மாற்றலாமா?

"பழைய பெட்டியில் புது போர்டு மாட்டப் போகிறேன், பழைய பவர் சப்ளையே போதுமா?" என்று சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டார். இரண்டு வரியில் பதில் போட்டோம். அவ்வளவுதான், அசாம் ஜாவாவைச் சுற்றியுள்ள பாதி ஊர் அதே கேள்வியை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. இந்த வாரம் முழுக்க அதற்கே.

● ஓர் அப்பா, புக்கிட் ரோத்தான்
ஐயா, 11 வருஷம் ஓடிய பவர் சப்ளை. இன்னும் நல்லாத்தான் ஓடுது. மகனின் புது மதர்போர்டுக்கு அதையே போடலாமா?

"நல்லாத்தான் ஓடுது" என்பது பழைய போர்டு கொடுத்த நற்சான்றிதழ். புது போர்டு இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நல்ல தயாரிப்புக்கு 5, 7, 10 வருஷம் என்று வாரண்டி தருகிறார்கள். 10 வருஷம் தந்த கம்பெனியே பதினோராவது வருஷம் கழன்றுகொள்கிறது. நீங்கள் ஏன் ஜாமீன் நிற்கிறீர்கள்?

● படிவம் 5 மாணவன், ஈஜோக்
அங்கிள், பவர் சப்ளைக்கு எப்படி வயசாகும்? உள்ளே சுற்றுவது ஃபேன் ஒன்றுதானே?

சுற்றாதவைதான் முதலில் சாகின்றன, தம்பி. உள்ளே மின்பகு திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் இருக்கும். தமிழில் மின்தேக்கி. சூட்டில் அந்தத் திரவம் மெல்ல மெல்ல வற்றும்.

கணக்கு எளிது. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு. "105 டிகிரியில் 2,000 மணி நேரம்" என்று விதிக்கப்பட்ட கெபாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். "85 டிகிரியில் 2,000" என்று வாங்கிய மலிவு ரகம் அதே 65 டிகிரியில் 8,000 மணி நேரந்தான். தினம் 8 மணி நேரம் ஓட்டினால் முன்னது 11 வருஷம், பின்னது மூன்று வருஷம் முடியுமுன்னே மூட்டை கட்டிவிடும். கம்பெனி மிச்சம் பிடித்தது சில காசு. நீ இழப்பது எட்டு வருஷம்.

● ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, பெஸ்தாரி ஜெயா
லயத்தில் சாயங்காலம் மட்டும் ஜெனரேட்டர் போட்ட காலத்தில் வாங்கிய ரேடியோ நாற்பது வருஷம் பாடியது. இது மட்டும் ஏன் பத்தில் படுக்கிறது?

உங்கள் ரேடியோவுக்குள் இருந்தது கனத்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். நொடிக்கு 50 சுற்று, நிதானமான ஆள். இன்றைய பவர் சப்ளை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதனால்தான் இத்தனை சின்னப் பெட்டிக்குள் இத்தனை வாட் அடங்குகிறது. அடி முழுவதும் கெபாசிட்டர் முதுகில்.

இன்னொன்று ஐயா. கடைசிக் காலத்தில் அந்த ரேடியோ பாட்டுக்கு நடுவே "ம்ம்ம்" என்று முனகியதா? அதுவும் கெபாசிட்டரின் மூப்புதான். நீங்கள் பழகிக்கொண்டீர்கள். கணினி பழகிக்கொள்ளாது.

● செம்பனைக் குத்தகைக்காரர், சுங்கை பூலோ சாலை
ஓடுகிற பொருளை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? மனசு கேட்கவில்லை.

உங்கள் தொழிலிலேயே விடை இருக்கிறது. இந்த நாட்டில் வாணிபத்துக்கென முதன்முதல் செம்பனை நட்டது நம்ம மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917-இல், ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். அந்த மரத்தை 25 வருஷம் வாக்கில் ஏன் சாய்க்கிறீர்கள்? அப்போதும் குலை தள்ளிக்கொண்டுதானே நிற்கிறது? உயரம் கூடிப்போய், வெட்டுகிற செலவு விளைச்சலைத் தின்கிறது. கணக்குப் பார்த்துச் சாய்க்கிறீர்கள். பவர் சப்ளைக்கும் அதே கோடரி.

● கேமர், புஞ்சாக் ஆலாம்
என்னுடையது 500 வாட். புது கிராபிக்ஸ் கார்டுக்குப் போதும்தானே?

பெட்டியின் நெற்றியில் எழுதியதைப் படித்தாய். விலாவில் ஒட்டிய அட்டவணையைப் படி. இன்றைய கணினி தின்பதில் பெரும்பகுதி 12 வோல்ட்டில்தான். அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்கு: 216 வாட். மிச்சம் 284 வாட் வெறும் அலங்காரம்.

நல்ல 500 வாட் பெட்டியில் 12 வோல்ட் மட்டும் 40 ஆம்பியரைத் தொடும். பழைய பெட்டிகள் 3.3-க்கும் 5-க்கும் வாரி வழங்கிவிட்டு 12-க்குக் கிள்ளிக் கொடுத்தவை. அந்தக் காலத்துக்கு அது சரி. உன் கார்டு இந்தக் காலத்தது.

● பழைய சாமான் பிரியர், தஞ்சோங் காராங்
பில் தொலைந்து போச்சு. பவர் சப்ளையின் வயசை எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தில் எழுதியிருக்கிறது. ஸ்டிக்கரில் உள்ள தொடர் எண்ணில் பல கம்பெனிகள் வருஷத்தையும் வாரத்தையும் சேர்த்து வைக்கும். "1432" என்று நாலு எண் இருந்தால், 2014-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் என்று சந்தேகப்படுங்கள்.

எண் அழிந்திருந்தால் வயரைப் பாருங்கள். மதர்போர்டுக்குப் போகும் பெரிய கொண்டையில் 20 முள் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பழைய தலைமுறை. 24 முள் விதி 2003-இல் வந்தது. கொண்டையில் வெள்ளை வயர் ஒன்று இருந்தால் அது மைனஸ் 5 வோல்ட். அதே 2003 வாக்கில் அதை விதியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். 20 முள்ளும் வெள்ளை வயரும் சேர்ந்திருந்தால் விசாரணையே வேண்டாம், ஓய்வூதியம் கொடுத்து அனுப்புங்கள்.

● அதே வாசகர்
என்னிடம் 2009-இல் வாங்கி, பெட்டியே பிரிக்காத ஒன்று இருக்கிறது. அது புதுசுதானே?

பிரிக்காத ரொட்டிக்கும் காலாவதித் தேதி உண்டு. மின்சாரம் பாயாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் கெபாசிட்டருக்குள் அலுமினியத்தின் மேல் படிந்த ஆக்சைடுப் படலம் நலியும். முதல் தடவை சுவிட்சைப் போடும்போது கசிவு எகிறும். பவர் சப்ளைக்குச் சும்மா இருப்பதும் ஒரு வேலைதான், அதற்கும் தேய்மானம் உண்டு.

● கைவேலைக்காரர், ஜெராம்
பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். ஃபேன் சுற்றியது. பாஸ்தானே?

வருகைப் பதிவேட்டில் "உள்ளேன் ஐயா" சொல்லியிருக்கிறது. பரீட்சை இனிமேல்தான். சுமை ஏறும்போது 12 வோல்ட் 11.40-க்கும் 12.60-க்கும் நடுவே நிற்க வேண்டும். 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை. விதி ஐந்து சதவீதம், மேலும் கீழும். கணினி கனமான வேலை செய்யும்போது மல்டிமீட்டர் 11.3 காட்டினால் ஃபெயில். சுமையே ஏற்றாமல் எடுத்த மார்க் செல்லாது.

● சந்தேகவாதி, மேரு
மீட்டரில் 12.05 காட்டுகிறது. இப்போதாவது நம்பலாமா?

பாதி. மீட்டர் காட்டுவது சராசரி. அதன் மேல் நெளியும் சிற்றலையை அது காட்டாது. கெபாசிட்டர் வற்றினால் முதலில் பெருகுவது அந்தச் சிற்றலைதான். அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். அது உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது.

● இல்லத்தரசி, அசாம் ஜாவா
காலையில் முதல் தடவை பட்டனை அழுத்தினால் கணினி எழுவதில்லை. இரண்டாவது மூன்றாவது தடவைதான் எழுகிறது. சோம்பலா?

சோம்பல் இல்லை அக்கா, நோய். வற்றிய கெபாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசம், கொஞ்சம் சூடேறினால் நடமாடும். வேலை நடுவில் தானாக அணைந்து எழுவதும் பல வேளைகளில் இதே குடும்பம்தான். பிள்ளையின் பாடக் கோப்புகளை இன்றே வேறு இடத்தில் படியெடுத்து வையுங்கள். கடைக்கு நாளைக்குப் போகலாம்.

● பொறுமைசாலி, கோல சிலாங்கூர்
சுவிட்ச் போடும்போது பின்பக்கம் சின்னதாக நீலப் பொறி பறக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது.

மின்மினி பார்க்க கம்போங் குவாந்தானில் படகு இருக்கிறது. வீட்டில் வேண்டாம். கழற்றுங்கள்.

● புதுமுகம், காப்பார்
மாமா, பவர் சப்ளை முதுகில் சிவப்பாக ஒரு குட்டி சுவிட்ச், 115, 230 என்று. எதற்கு?

அமெரிக்காவுக்கு 115, நமக்கு 230. இங்கே 240 வோல்ட்டாக இருந்த அளவு 2008-இல் 230 என்று மாறியது. அந்தச் சுவிட்ச் 115-இல் இருக்கும்போது நம்ம சாக்கெட்டில் செருகினால், "டமார்" என்ற ஒரே சொல்லில் விளக்கம் கிடைக்கும். பழைய பெட்டி கைமாறி வந்தால், பிளக்கைத் தொடுமுன் அந்தச் சிவப்பைப் பாருங்கள். சுவிட்சே இல்லாவிட்டால் ஸ்டிக்கரில் 100 முதல் 240 வரை என்று இருக்கிறதா பாருங்கள். அது தானே பார்த்துக்கொள்ளும் ரகம்.

● வாடகை வீட்டுக்காரர், பத்து ஆராங்
கணினிப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது. பவர் சப்ளை மாற்றினால் போகுமா?

போகாது. குற்றவாளி பவர் சப்ளை இல்லை, உங்கள் சுவர். உள்ளே இரைச்சலை வடிகட்டும் குட்டிக் கெபாசிட்டர்கள் இரண்டு, மின் கம்பியிலிருந்து எர்த்துக்குப் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் தகடு பாதி வோல்ட்டில், அதாவது ஏறக்குறைய 115-இல், மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது, அதனால் சுர்ரென்பதோடு நிற்கிறது.

ஆனால் இது எச்சரிக்கை மணி. நாளைக்கு உள்ளே ஒரு காப்பு உரிந்தால், எர்த் இல்லாத வீட்டில் அந்த முழு மின்சாரமும் இறங்க வழி தேடும். வழியில் உங்கள் கை இருக்கும். பேனா முனையால் மேல் துளையைத் திறந்து இரண்டு முள் பிளக்கைச் செருகும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதை இன்றே விடுங்கள். மூன்றாவது முள்தான் உயிர். பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தையும் கசிவுத் தடுப்பானையும் சோதிக்கச் சொல்லுங்கள். கையில் பிடிக்கும் கருவிகளுக்கான சாக்கெட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று 1994-ஆம் ஆண்டு மின்சார விதியே சொல்கிறது.

● இடிக்குப் பயந்தவர், சுங்கை பெசார்
சர்ஜ் தடுப்பான் உள்ள எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறேன். பழைய பவர் சப்ளைக்கு அது போதுமா?

எக்ஸ்டென்ஷனுக்கு என்ன வயசு? அதற்குள் இருக்கும் வாரிஸ்டர் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேயும். உலகத்திலேயே இடி அதிகம் முழங்கும் வட்டாரங்களில் ஒன்றில் குடியிருக்கிறோம். கிழவனுக்குக் கிழவன் காவல் போடாதீர்கள். வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், செம்புக் கம்பியில் வரும் இணையம் என்றால் அதையும்.

● பல்லி வீட்டுக்காரர், ஈஜோக்
பவர் சப்ளைக்குள் எறும்புப் புற்று. வாக்குவம் போட்டு எடுத்துவிட்டேன். இனி ஓட்டலாமா?

எறும்பு போனாலும் அது விட்டுப்போன அமிலமும் ஈரமும் போகாது. ஒரு பல்லி குறுக்கே விழுந்தால் இரு தரப்புக்கும் கருமாதி. தள்ளுங்கள்.

● திருகாணி நண்பன், புக்கிட் ரோத்தான்
ஃபேன் மட்டும் கத்துகிறது. திறந்து மாற்றிவிடவா?

வேண்டாம், தம்பி. இதில் விளையாட்டே கிடையாது. 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் உச்சம் 325 வோல்ட். புது ரகங்களில் 380-ஐயும் தாண்டும். பெரிய கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைப் பிடித்து வைத்திருக்கும். வடிய வேண்டிய மின்தடை பழுதாகியிருந்தால் எவ்வளவு நேரம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பத்து வெள்ளி ஃபேனுக்கு உன் உயிரைப் பணயம் வைக்காதே.

● புது ராஜா, புஞ்சாக் ஆலாம்
புது மாடுலர் பவர் சப்ளை வாங்கினேன். பழையதன் கேபிள் நீளமாக இருந்ததால் அதையே மாட்டலாம் என்று நினைக்கிறேன். அழகாகப் பொருந்துகிறது.

கையை எடு! கேபிளின் கணினிப் பக்கத்துக்குத்தான் பொது விதி. பவர் சப்ளைப் பக்கத்து முள் வரிசையை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கிறது. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும். பொருந்தும், செருகும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும், ஹார்டு டிஸ்க் ஒரு நொடியில் பரலோகம். பழைய பெட்டியைக் கொடுக்கும்போது அதன் கேபிளையும் சேர்த்தே கொடுத்துவிடு.

● முத்திரைப் பிரியர், ஜெராம்
என் பழைய பவர் சப்ளையில் 80 பிளஸ் சின்னம் இருக்கிறது. அது தரச் சான்றுதானே?

திறன் சான்று. சுவரிலிருந்து இழுப்பதில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. சோதனை நடப்பது 23 டிகிரி அறையில். நண்பகல் 33 டிகிரியில், மூடிய மேசைக்கு அடியில், பத்து வருஷத் தூசியோடு என்று யாரும் சோதிக்கவில்லை. அந்தச் சோதனையை நீங்கள்தான் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

● சிக்கனச் செல்வி, மேரு
புதியது வாங்கினால் கரண்டு பில்லில் போட்ட காசு திரும்புமாமே?

கடைக்காரர் சொன்னாரா? கணினிக்கு 100 வாட் வேண்டும் என்று வையுங்கள். 70 சதவீதத் திறனுள்ள கிழம் 143 வாட் இழுக்கும், 85 சதவீதப் புதுசு 118. மிச்சம் 25 வாட். தினம் 8 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 73 யூனிட். யூனிட் 40 சென் என்று போட்டாலும் 30 வெள்ளிக்குள். இருநூறு வெள்ளி கொடுத்து வாங்கியது மீள ஏழு வருஷம் ஆகும். பில்லுக்காக மாற்றாதீர்கள். அதோடு இணைந்திருக்கும் மற்ற பொருளுக்காக மாற்றுங்கள்.

● ஏல விரும்பி, கோல சிலாங்கூர்
அலுவலகங்கள் கழித்துவிடும் குட்டிக் கணினி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி, என் பழைய பவர் சப்ளையைப் போடலாமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், அலுவலகங்கள் தள்ளிவிடும் பெட்டிகள் நிறைய. வாங்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள். குட்டிக் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையின் வடிவமும் கொண்டையும் அந்தக் கம்பெனிக்கே சொந்தம். பொதுச் சந்தையில் கிடைப்பது உள்ளே போகவே போகாது. அதன் பவர் சப்ளை செத்தால் கணினியும் உடன்கட்டை.

● வரலாற்று ஆர்வலர், தஞ்சோங் காராங்
அந்தக் காலத்துக் கணினிக்கு எவ்வளவு வாட் தேவைப்பட்டது?

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் பவர் சப்ளை 63.5 வாட். அதற்கு முன்பே, 1977-இல், ஆப்பிள் 2-க்காக ராட் ஹோல்ட் ஃபேன் இல்லாமலே சமாளிக்கும் சுவிட்சிங் பவர் சப்ளையைச் செய்து கொடுத்தார். நம்ம முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலத்துக் கணினிகள் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குத் தின்று தமிழ் எழுதின. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு 450 வாட். ஏழு ஐபிஎம் பிசிக்கள், ஒரு விளையாட்டுக்கு!

● கோயில் தொண்டர், பெஸ்தாரி ஜெயா
திருவிழாப் பந்தலில் எல்இடி சரத்துக்கு 12 வோல்ட் வேண்டும். பழைய பவர் சப்ளை போதுமே?

மழை, கூட்டம், ஈர மண், வெறுங்கால், நடுவில் திறந்த வயர். சாமி மன்னிப்பார், மின்சாரம் மன்னிக்காது. சிரிம் முத்திரையுள்ள எல்இடி டிரைவர் வாங்குங்கள். பழையதை வைத்துப் பரிசோதனை செய்ய ஆசையிருந்தால் காய்ந்த மேசையில், ஃபியூஸ் போட்டு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

● எடைக்கல், காப்பார்
கனமான பவர் சப்ளை நல்லது என்கிறார்களே?

உண்மைதான், உள்ளே இருப்பது செம்பும் இரும்புச் சுருளும் என்றால். எடைக்காகவே வெற்று இரும்புத் துண்டை உள்ளே வைத்த போலிகளும் பிடிபட்டிருக்கின்றன. தராசை நம்பாதே, ஆம்பியரைப் படி.

● கறார் அண்ணன், மேரு
வேண்டாம், வேண்டாம் என்றே சொல்கிறீர்கள். எப்போதுதான் மறுபடி பயன்படுத்தலாம்?

நல்ல கேள்வி, நேர்ப் பதில். வாரண்டிக் காலம் முடியவில்லை. 12 வோல்ட்டில் தேவைக்கு மேல் கணிசமான மிச்சம். 24 முள்ளும் பிராசசருக்கான தனிக் கொண்டையும் அதிலேயே உண்டு, அடாப்டர் ஒட்டு இல்லை. வாடை, முனகல், தானாக அணைதல் எதுவும் இல்லை. இவை எல்லாம் இருந்தால் தாராளமாக மாட்டுங்கள். ஐந்து வயசு நல்ல பவர் சப்ளையைத் தூக்கி எறிவது ஊதாரித்தனம்.

ஒன்று குறைந்தால்? பில் எழுத மட்டும் வைத்திருக்கும் கடைக் கணினிக்கு ஓட்டிப் பாருங்கள். இரண்டாயிரம் வெள்ளி கார்டுக்கு முன்னால் அதை நிறுத்தாதீர்கள்.

● நொந்த மனைவி, அசாம் ஜாவா
வீட்டுக்காரர் ஏழு பழைய பவர் சப்ளை சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு நாள் உதவுமாம். என்ன செய்ய?

ஸ்டிக்கரைப் படித்து ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறுக்கும் விடை கொடுங்கள். ஆனால் எங்கே கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம் அக்கா. மின்னணுக் கழிவு 2005-ஆம் ஆண்டு விதியில் எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணோடு அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. தெருவோரம் போனால், செம்புக்காக யாரோ வயரைக் கொளுத்துவார்கள். பிளாஸ்டிக் உறை எரியும் அந்தப் புகையில் டயாக்சின் நஞ்சு உண்டு, அது நம் தெருப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்கழிவுச் சேகரிப்பு இடத்துக்கே கொடுங்கள்.

● முன்னாள் மாணவர், ஈஜோக்
நாங்கள் நண்பர்கள் சேர்ந்து பழைய கணினிகளைச் சுத்தம் செய்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

கை கொடுங்கள்! 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பாடமெல்லாம் இணையத்துக்குப் போனபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகளை நம் வட்டாரத்திலேயே பார்த்தோம். உங்கள் வேலைக்கு மதிப்பு அதிகம்.

ஒரே வேண்டுகோள். திரை பழசாக இருக்கட்டும், விசைப்பலகை பழசாக இருக்கட்டும், பெட்டியில் கீறல் இருக்கட்டும். வயதான பவர் சப்ளையை மட்டும் கழற்றிவிட்டு, மூன்று முள் வயரோடு புதியதைப் போட்டுக் கொடுங்கள். பட்ஜெட் இடித்தால் பத்துக் கணினிக்குப் பதில் எட்டாகக் கொடுங்கள்.